கால்நடைகளுக்குச் சீன மரபு மருத்துவம்: ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

2020 ஜூலை 1 முதல் சீனாவின் தீவன ஆலைகள் வளர்ச்சியைத் தூண்டும் ஆன்டிபயாடிக் கலந்த தீவனத்தைத் தயாரிக்கக் கூடாது. அந்நாட்டு வேளாண்மை, ஊரக விவகார அமைச்சகம் 2019 ஜூலையில் வெளியிட்ட 194ஆம் எண் அறிவிப்பின்படி வந்த தடை இது. அதே அறிவிப்பு சீன மரபு மருந்துகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. உலகின் பன்றிகளில் ஏறத்தாழப் பாதியை வளர்க்கும் நாடு அது. அன்றிலிருந்து மூலிகைத் தீவனச் சேர்க்கைகள் அங்கே பெருகிவிட்டன. அவற்றை நேர்மையாகச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஆய்வாளர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை.

இந்தத் தடைக்குப் பின்னால் பெரிய கவலை ஒன்று உண்டு. கோலிஸ்டின் என்ற மருந்து, வேறு எதற்கும் கட்டுப்படாத பாக்டீரியாக்களுக்கு எதிராக மருத்துவமனைகள் கடைசியாக நம்பியிருக்கும் மருந்துகளில் ஒன்று. அதே மருந்து பன்றித் தீவனத்திலும் கலக்கப்பட்டுவந்தது. அதைச் செயலிழக்கச் செய்யும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. அதைச் சீனப் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடத்திலும் கண்டதாக 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2017இல் கோலிஸ்டினை வளர்ச்சித் தூண்டியாகப் பயன்படுத்துவதைச் சீனா நிறுத்தியது. மூலிகை ஆய்வு இந்த வரலாற்றின் தொடர்ச்சி. மூலிகையின் பெயரில் வேலை செய்யாத பொருளைப் பண்ணையில் நுழைத்தால், நோய் முற்றியபின் ஆன்டிபயாடிக் இன்னும் அதிகமாகத்தான் செலவாகும்.

கால்நடை மருத்துவமோ விலங்கு அறிவியலோ படித்துவிட்டு இந்தத் துறையில் முதுநிலை அல்லது முனைவர் பட்ட ஆய்வுக்கு வருபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் கணிப்பில், இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை கருவிக்கு முன்னால் உட்காருவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன. கேள்வி மங்கலாக இருக்கும். மூட்டையில் இருந்த செடி எது என்று தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத விலங்குகள் இருக்காது. ஆகவே அந்த மூன்று இடங்களிலும் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதல் படி: நோயைத் தேர்ந்தெடுங்கள்

"ஹுவாங்ச்சி வேர் நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டுமா?" என்ற வகைக் கேள்வியோடுதான் பலரும் வருகிறார்கள். இதற்கு எந்த ஆய்வாலும் விடை சொல்ல முடியாது. எந்த விலங்கு, என்ன வயது, எந்த நோய், எதை அளப்பது, எதனோடு ஒப்பிடுவது என்ற ஐந்தும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: 28 நாளில் பால் மறக்கடிக்கப்பட்ட பன்றிக்குட்டிகளுக்கு முதல் 14 நாட்களில் வரும் கழிச்சலை பைடௌவெங் என்ற மூலிகைக் கூட்டுப் பொடி குறைக்கிறதா, எதுவும் சேர்க்காத தீவனம் தின்ற குட்டிகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு குறைக்கிறது? இப்படிக் கேட்டால் அடுத்த எல்லா முடிவுகளும் தாமாகவே வரிசைக்கு வரும்.

தொடங்குவோருக்கு ஏற்ற நோய்கள் உண்டு: குட்டிகளின் கழிச்சல், கறவை மாடுகளில் வெளியே தெரியாத மடிநோய், ஈன்ற பின் கருப்பை சுருங்குவதில் தாமதம், கோழிகளின் இரத்தக் கழிச்சல், கோடை வெப்பத்தால் முட்டையும் பாலும் குறைவது. இவை அடிக்கடி வருபவை, அளக்கக் கூடியவை. ஆன்டிபயாடிக் மிகுதியாகச் செலவாகும் நோய்களும் இவற்றில் உண்டு.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், கோமாரி போன்றவற்றைத் தொடாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சீனாவில் முதன்முதலாக 2018 ஆகஸ்டில் லியாவ்னிங் மாகாணத்தில் கண்டறியப்பட்டது. எந்த மூலிகைக் கலவையும் அதைக் குணப்படுத்துவதாக இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அந்த வைரஸைக் கையாள உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். பண்ணையில் அது தெரிந்தால் சட்டப்படி உடனே அறிவித்தாக வேண்டும். அங்கே கஷாயம் காய்ச்சிக்கொண்டிருப்பது பக்கத்துப் பண்ணைகளுக்குச் செய்யும் துரோகம்.

இரண்டாம் படி: படிக்க வேண்டியவை

சீனக் கால்நடை மருத்துவ மரபின் தலையாய நூல் 'யுவான் ஹெங் லியாவ் மா ஜி'. அன்ஹுய் மாகாணத்து லூஆன் பகுதியைச் சேர்ந்த யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற சகோதரர்கள் எழுதியது, 1608இல் வெளிவந்தது. குதிரை மருத்துவம்தான் அதன் மையம். அதற்கும் முன்னால், தாங் அரச மரபின் காலத்தில் தொகுக்கப்பட்ட 'ஸிமூ ஆன்ஜி ஜி' என்ற நூலும் குதிரைகளைப் பற்றியதே. ஆறாம் நூற்றாண்டில் ஜியா ஸிஸியே எழுதிய 'ச்சிமின் யாவ்ஷூ' என்ற வேளாண் நூலிலும் கால்நடை நோய்களுக்கான குறிப்புகள் இருக்கின்றன.

இந்த நூல்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். அவை போர்க்குதிரைக்கும் உழவு மாட்டுக்கும் எழுதப்பட்டவை. விலைமதிப்புள்ள ஒற்றை விலங்கின் அருகே மருத்துவர் நின்று, நாடி பார்த்து, அதற்கென்று மருந்து கூட்டிய காலம் அது. ஒரே கொட்டகையில் 20,000 கறிக்கோழிகள் வளரும் பண்ணைக்கு அந்த மரபில் நேரடிச் சான்று கிடையாது. 'ஆயிரம் ஆண்டு அனுபவம்' என்று தீவனச் சேர்க்கையின் பையில் அச்சிட்டிருந்தால், அந்த அனுபவம் எந்த விலங்குடையது என்று கேளுங்கள்.

இன்றைய நடைமுறைக்கு அடிப்படை, சீன மக்கள் குடியரசின் கால்நடை மருந்தியல் நூல். அதன் 2020 பதிப்பின் இரண்டாம் தொகுதி முழுக்க மரபு மருந்துகளுக்கானது. செடியின் அறிவியல் பெயர், எந்தப் பாகம், எப்படிப் பதப்படுத்துவது, எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்க வேண்டும், எந்த விலங்குக்கு எத்தனை கிராம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஆய்வைத் தொடங்க வேண்டாம்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆங்கிலத் தரவுத்தளங்கள் மட்டும் போதாது. இத்துறையில் நடந்த வேலையின் பெரும்பகுதி சீன மொழியில், சி.என்.கே.ஐ., வான்ஃபாங் ஆகிய தரவுத்தளங்களில் இருக்கிறது. மரபுக் கால்நடை மருத்துவ ஆய்வுக்குப் பேர்போன அரசு நிறுவனம் லான்ஜோவில் உள்ளது. அதற்கென்றே ஓர் ஆய்விதழும் வெளிவருகிறது. பேச்சுச் சீனம் வராவிட்டாலும், மூலிகைகள், மருந்துக் கூட்டுகள், நோய்க்குறிகள் ஆகியவற்றின் பெயர்களைச் சீன எழுத்தில் அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் மூலிகைப் பெயர்களில்தான் அதிகம் தடுமாறுகின்றன.

சீனக் கட்டுரைகளில் புதியவர்களை ஏமாற்றும் ஓர் அளவுக் குறியீடு உண்டு. 'ஒரு மில்லி லிட்டருக்கு 1 கிராம்' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டர் கஷாயம் 1 கிராம் காய்ந்த மூலிகையிலிருந்து வந்தது என்று பொருள். அதில் கரைந்திருக்கும் சாறு அதைவிட மிகக் குறைவு. இதைச் சாற்றின் எடை என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் கொடுக்கும் அளவு பல மடங்கு மாறிவிடும். பழைய நூல்களின் எடைகளிலும் இதே கவனம் தேவை: மிங் காலத்து ஒரு லியாங் ஏறத்தாழ 37 கிராம்.

மூன்றாம் படி: மரபின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

யின்-யாங், ஐந்து பூதங்கள் ஆகியவற்றை நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் ஒரு மருந்தை மரபு எந்த நிலைக்குக் கொடுத்தது என்று தெரியாமல் அதைச் சோதிப்பது அந்த மருந்துக்குச் செய்யும் அநீதி. பைடௌவெங் பொடியையே எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு சரக்குகள்: பைடௌவெங் வேர் 60 கிராம், ஹுவாங்லியன் 30, ஹுவாங்போ பட்டை 45, ச்சின்பி பட்டை 60. மாட்டுக்கும் குதிரைக்கும் 150 முதல் 250 கிராம் வரை. ஆட்டுக்கும் பன்றிக்கும் 30 முதல் 45 கிராம் வரை. இது 'ஈர வெப்பக்' கழிச்சலுக்கானது. அதாவது சாணம் நாறும், சளியும் இரத்தமும் கலந்திருக்கும், விலங்கின் வாய் உட்புறம் சிவந்திருக்கும். குளிரில் நடுங்கிக்கொண்டு தண்ணீராகக் கழியும் கன்றுக்கு மரபு இதைக் கொடுக்காது. இரு வகையையும் ஒரே குழுவில் போட்டுச் சோதித்துவிட்டு 'பயனில்லை' என்று எழுதினால், நீங்கள் சோதித்தது மரபு சொன்ன மருத்துவத்தை அன்று.

இங்கேயே நல்லதோர் ஆய்வுத் தலைப்பும் ஒளிந்திருக்கிறது. மரபு மருத்துவர்கள் மாட்டுக்கு வாலின் அடிப்பக்கத் தமனியிலும், ஆட்டுக்கு உள்தொடைத் தமனியிலும் நாடி பார்ப்பார்கள். வாயின் நிறத்தை வைத்து நோயை வகைப்படுத்துவார்கள். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக ஒரே கன்றைப் பார்த்தால் ஒரே வகையைச் சொல்கிறார்களா? புள்ளியியலில் இதை அளக்க எளிய வழிகள் உள்ளன. அவர்களுக்குள் உடன்பாடே இல்லையென்றால் அந்த வகைப்பாட்டை வைத்து விலங்குகளைப் பிரிக்க முடியாது. உடன்பாடு இருந்தால், நுழைவு நிபந்தனையாக அதை உங்கள் ஆய்வில் துணிந்து சேர்க்கலாம்.

கூட்டு மருந்துகளில் அரசன், அமைச்சன், துணை, தூதன் என்று சரக்குகளுக்குப் பதவி உண்டு. இந்த யோசனையை ஒதுக்கிவிட வேண்டாம். பெர்பெரின் என்ற மஞ்சள் காரப்பொருளை (ஆல்கலாய்டை) ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா தன் உடலிலிருந்து வெளியே இறைத்துத் தள்ளிவிடும். பெர்பெரிஸ் இனச் செடிகளிலேயே அந்த இறைப்பானை அடைக்கும் இன்னொரு பொருளும் இருப்பதை 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பொருள் தனியாக நின்றால் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. துணைச் சரக்கு என்பதற்கு வேதியியல் அர்த்தம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நான்காம் படி: மூட்டைக்குள் இருப்பது எது?

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிகக் காலம் ஒதுக்க வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஸ்டெஃபானியா என்ற செடியின் வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா செடியின் வேர் கலந்ததே காரணம். சீனத்தில் இரண்டுக்குமே 'ஃபாங்ஜி' என்று முடியும் பெயர். விலங்குகள் நமக்கு வலியைச் சொல்லாது. 40 நாளில் இறைச்சிக்குப் போகும் கோழியில் மெதுவாக வளரும் சிறுநீரகச் சேதம் யார் கண்ணிலும் படாது. ஆகவே அடையாளம் காணும் பொறுப்பு இங்கே இன்னும் கூடுதல்.

செய்ய வேண்டியது இதுதான். மூலிகையை வாங்கும்போது விளைந்த மாவட்டம், அறுவடை ஆண்டு, தொகுதி எண் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்து, ஒரு சான்று மாதிரியைப் பல்கலைக்கழகத்தின் உலர்தாவரத் தொகுப்பில் எண்ணிட்டு வையுங்கள். பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். பொடியில் எதையும் கலக்கலாம். நறுக்கிய வேராக வாங்கினாலும் நுண்ணோக்கியிலும், ஐயம் இருந்தால் டி.என்.ஏ. மூலமும் பாருங்கள். ஜின்யின்ஹுவா என்ற பூவின் பெயரில் நெடுங்காலம் பல லோனிசெரா இனங்கள் விற்கப்பட்டன. மனித மருந்துகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சீன மருந்தியல் நூல் லோனிசெரா ஜபோனிகாவை மட்டும் அந்தப் பெயரில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஷான்யின்ஹுவா என்று பிரித்தது. 2005க்கு முந்தைய கட்டுரை எதையாவது நீங்கள் மேற்கோள் காட்டினால், அதில் இருந்தது எந்தப் பூ என்பது திறந்த கேள்விதான்.

அடுத்து அளவு. சீன மருந்தியல் நூலின்படி ஹுவாங்ச்சின் (ஸ்குடெல்லாரியா; ஹுவாங்ச்சி வேறு) வேரில் பைகாலின் என்ற பொருள் குறைந்தது 9 விழுக்காடு இருக்க வேண்டும். ஜின்யின்ஹுவாவில் குளோரோஜெனிக் அமிலம் 1.5 விழுக்காடு. வேதிப்பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் இந்த ஒற்றைப் பொருளை மட்டும் அளந்து நிறுத்திவிடாமல், முழுச் சாற்றின் நிறப்பிரிகைப் படத்தையும் ஒவ்வொரு தொகுதிக்கும் எடுத்து வையுங்கள். அடையாளப் பொருளை மட்டும் வெளியிலிருந்து சேர்த்துத் தேர்வில் தேறவைக்கும் வணிகர்கள் உண்டு. முழுப் படம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஈயம், கேட்மியம், ஆர்சனிக், பாதரசம், பூச்சிக்கொல்லி எச்சம், கந்தகப் புகை ஆகியவற்றுக்கும் சோதனை வேண்டும். பழைய மருந்துக் கூட்டுகள் சிலவற்றில் சியோங்ஹுவாங் என்ற ஆர்சனிக் தாதுவும் ஜூஷா என்ற பாதரசத் தாதுவும் வரும். பாலோ இறைச்சியோ முட்டையோ தரும் விலங்குக்கு இவற்றைக் கொடுக்கும் ஆய்வில் இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எறும்புதின்னிச் செதில் போன்ற காட்டுவிலங்குப் பொருட்களும் அப்படியே. அது 2020இல் சீன மருந்தியல் நூலின் சரக்குப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கால்நடை மூலிகை மருந்தைச் சோதிக்கிறீர்கள் என்றால் இன்னொரு சோதனை கட்டாயம்: அதற்குள் ஆன்டிபயாடிக்கோ காய்ச்சல் மருந்தோ ஒளித்துக் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த முறைகேடு நடக்கிறது என்பதால்தான் சீன அமைச்சகமே அதைக் கண்டுபிடிக்கும் சோதனை முறைகளை வெளியிட்டிருக்கிறது. மூலிகையின் பெயரில் ஃப்ளோர்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கின் வேலையைப் புகழ்ந்து ஓர் ஆய்வேட்டை எழுதிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: சாறு எடுத்தல்

எப்படிச் சாறு எடுக்கிறீர்கள் என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. சீன ஆய்வாளர் தூ யூயூ 1971இல் ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்தை எட்டிய வழி எல்லோரும் அறிய வேண்டியது. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய மருத்துவக் குறிப்பு, ச்சிங்ஹாவ் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது, காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பம் மருந்தைக் கெடுக்கலாம் என்று தூ யூயூ ஊகித்து, ஏறத்தாழ 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 2015இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹுவாங்ச்சின் வேர் இதற்கு நேர் எதிர். அதைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் வேரில் உள்ள நொதிகளே பைகாலினை உடைத்துவிடும். வேர் பச்சை நிறமாகும். அதனால்தான் பதப்படுத்துவோர் அதை ஆவியில் வேகவைத்து நறுக்குகிறார்கள். பச்சை தட்டிய ஹுவாங்ச்சினைத் தரம் தாழ்ந்தது என்று பழைய வணிகர்கள் ஒதுக்கியதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது.

ஆகவே முதலில் மரபு சொன்ன முறையில் செய்யுங்கள். அதன்பின் எத்தனால் சாற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனாலில் எடுத்ததைச் சோதித்துவிட்டு, பண்ணையில் வெந்நீர்க் கஷாயத்தைப் பரிந்துரைப்பது வேறொரு மருந்தைப் பரிந்துரைப்பதற்குச் சமம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சரக்குகளில் சில அன்னியமானவை அல்ல. சீனர்களின் சுவான்சின்லியன் நம் நிலவேம்பு. கான்சாவ் நம் அதிமதுரத்தின் இனம். ஹுவாங்லியனில் இருக்கும் பெர்பெரின்தான் நம் மரமஞ்சளிலும் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றோடு தொடங்கினால் இருபக்க நூல்களையும் ஒப்பிட்டுப் படிக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கும்.

ஆறாம் படி: ஆய்வகத்தில்

பாக்டீரியாவைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவை அளக்காத மூலிகை ஆய்வே இல்லை. அதை அளங்கள்; ஆனால் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஆன்டிபயாடிக் மருந்துகள் ஒரு மில்லி லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்கின்றன. சாறு ஒரு மில்லி லிட்டருக்கு 50 மில்லிகிராமில்தான் ஈ. கோலை பாக்டீரியாவைத் தடுக்கிறது என்றால், பன்றிக்குட்டியின் குடலில் ஒரு லிட்டர் உள்ளடக்கம் இருந்தால்கூட அந்தச் செறிவை எட்ட 50 கிராம் சாறு வேண்டும். எந்தக் குட்டியும் அதைத் தின்னாது. இத்தகைய சாறு பயன் தருமானால் அது பாக்டீரியாவைக் கொன்று தருவதாக இராது. குடல் சுவர், அழற்சி, பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பேசும் வேதிச் சமிக்ஞைகள் எனத் தேட வேறு இடங்கள் உள்ளன. ஒவ்வொரு சோதனையிலும் ஏ.டி.சி.சி. 25922 போன்ற தரக்கட்டுப்பாட்டு ஈ. கோலையைச் சேர்த்து, தெரிந்த ஆன்டிபயாடிக் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

கணினியில் 'வலைப்பின்னல் மருந்தியல்' செய்து முடித்துவிடும் கட்டுரைகள் இன்று குவிகின்றன. மூலிகையின் வேதிப்பொருட்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, அவை எந்தப் புரதங்களைத் தொடும் என்று ஊகிக்கும் முறை அது. எந்த மூலிகையைப் போட்டாலும் க்வெர்சிடின், கேம்ஃபெரால், பீட்டா-சிடோஸ்டெரால் ஆகியவையே முதலிடத்துக்கு வருவதைக் கவனித்துப் பாருங்கள். அவை ஏராளமான செடிகளில் இருப்பவை, ஏராளமாக ஆராயப்பட்டவை. அதனால் தரவு அவற்றின் பக்கம் சாய்கிறது. அதோடு க்வெர்சிடினும் குர்குமினும் ஆய்வகச் சோதனைகளிலேயே குறுக்கிட்டுப் பொய் விடை தரக்கூடியவை என்று வேதியியலாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஊகத்துக்கு இம்முறை உதவலாம். அதையே ஆய்வின் முடிவாக எழுத வேண்டாம்.

ஏழாம் படி: விலங்குக்குள் என்ன நடக்கிறது

எலியில் கண்டதை மாட்டுக்குச் சொல்ல முடியாது. மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் நொதிகலன். அங்குள்ள நுண்ணுயிரிகள் மருந்தைக் குடல் எட்டுவதற்கு முன்பே உடைத்து வேறொன்றாக்கும். பால் குடிக்கும் கன்றுக்குப் பெருவயிறு வளராததால் அதே மருந்து வேறு விதமாக நடக்கும். ஆகவே ஆட்டுக்கோ மாட்டுக்கோ கொடுக்கும் முன், பெருவயிற்று நீரை எடுத்து 39 டிகிரியில் சாற்றோடு 24 மணி நேரம் வைத்து, என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். செலவு குறைந்த சோதனை; பெரிய ஏமாற்றங்களைத் தவிர்க்கும்.

பெர்பெரின் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகச் சிறிதளவே ஏறும். கழிச்சலுக்கு அது குறையாகாது. நுரையீரல் நோய்க்குக் கொடுப்பதென்றால் பெருங்குறை.

நச்சுத்தன்மைச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. சாங்ஷான் செடியின் கதை இதைத் தெளிவாகச் சொல்லும். முறைக்காய்ச்சலுக்குச் சீனர்கள் பன்னெடுங்காலம் பயன்படுத்திய வேர் அது. கடும் வாந்தி வரவழைக்கும். அதிலுள்ள ஃபெப்ரிஃப்யூஜின் என்ற பொருளை மாற்றியமைத்து உருவானதுதான் ஹாலோஃபுஜினோன். இன்று கோழிகளின் இரத்தக் கழிச்சலுக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியால் கன்றுகளுக்கு வரும் கழிச்சலுக்கும் பயன்படுகிறது. சீன மூலிகையிலிருந்து கால்நடைகளுக்கு வந்த மருந்துகளில் இதைப்போல் வென்றது அரிது. ஆனால் கன்றுக்கு உரிய அளவைப் போல் இரு மடங்கு போனாலே நச்சு அறிகுறிகள் தெரியும். மூலிகை என்பதால் தீங்கில்லை என்று சொல்பவரிடம் இந்த ஒரு மருந்தைக் காட்டினால் போதும்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இல்லாமல் ஒரு கோழியைக்கூடத் தொடாதீர்கள்.

எட்டாம் படி: பண்ணையில்

மடிநோயில் மூலிகை கொடுத்த மாடுகளில் பத்துக்கு ஆறு குணமாகிவிட்டன என்று ஒருவர் சொன்னால், ஒன்றும் கொடுக்காத மாடுகளில் எத்தனை குணமாயின என்று கேட்க வேண்டும். ஈ. கோலையால் வரும் லேசான மடிநோய் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸால் வருவது எளிதில் ஆறாது. எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்காமல், ஒப்பீட்டுக் குழு வைக்காமல் செய்யும் மடிநோய் ஆய்வு எதையும் சொல்லாது. வெளியே தெரியாத மடிநோய்க்கு, ஒரு மில்லி லிட்டர் பாலில் 2,00,000 உடல் செல்கள் என்பது பொதுவாக வைக்கும் எல்லை. நோய் கடுமையாக இருக்கும் மாடுகளை மருந்தில்லாக் குழுவில் விடாதீர்கள். காய்ச்சல் வந்தாலோ மாடு தீவனத்தைத் தொடாவிட்டாலோ உடனே ஆய்விலிருந்து விலக்கி வழக்கமான சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

விலங்குகளின் எண்ணிக்கையை ஆய்வுக்கு முன்பே கணக்கிடுங்கள். மருந்தில்லாமல் 60 விழுக்காடும் மருந்தோடு 80 விழுக்காடும் குணமாகும் என்று எதிர்பார்த்தால், அந்த வேறுபாட்டை நம்பிக்கையோடு காண ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 80 விலங்குகள் தேவை. குழுவுக்கு ஆறு மாடுகள் வைத்துச் செய்த ஆய்வு, அந்த வேறுபாடு உண்மையில் இருந்தாலும் அதைக் காணாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

பன்றியிலும் கோழியிலும் இன்னொரு சிக்கல். தீவனத்தில் கலந்து கொடுக்கும்போது ஒரு தடுப்புக்குள் இருக்கும் எல்லாக் குட்டிகளும் ஒரே தொட்டியில் தின்கின்றன. ஒன்றுக்கு வந்த கழிச்சல் அடுத்ததற்குப் பரவுகிறது. ஆகவே கணக்கில் ஓர் அலகு என்பது ஒரு தடுப்பு. மருந்துக்கு ஒரு தடுப்பு, ஒப்பீட்டுக்கு ஒரு தடுப்பு என்று 20 குட்டிகளை இரண்டு இடத்தில் அடைத்தால், உங்களிடம் குழுவுக்கு ஓர் அலகுதான் இருக்கிறது. அதில் எந்தப் புள்ளியியலும் செல்லாது. வெளியாகியிருக்கும் கட்டுரைகளில் இந்தத் தவறு எத்தனை முறை வருகிறது என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

எந்தத் தடுப்புக்கு எது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். சாணத்துக்கு மதிப்பெண் போடுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. மூலிகைத் தீவனம் வாசனையாலும் நிறத்தாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எனவே தீவனம் போடுபவரும் மதிப்பெண் போடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். அடிப்படைத் தீவனத்தில் ஏற்கெனவே துத்தநாக ஆக்சைடோ செப்புச் சல்ஃபேட்டோ மிகுதியாக இருந்தால் அதுவே கழிச்சலைக் குறைத்துவிடும். தீவன ஆலையின் கலவைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கசப்புச் சரக்கு சேர்ந்தால் குட்டி குறைவாகத் தின்னும். தின்ற அளவை நாள்தோறும் எடைபோடாவிட்டால், மருந்தின் விளைவையும் பட்டினியின் விளைவையும் பிரித்தறிய முடியாமல் போகும்.

ஒன்பதாம் படி: பாலிலும் இறைச்சியிலும் என்ன மிஞ்சுகிறது

ஹுனான் வேளாண் பல்கலைக்கழகத்தில் போலுவோஹுய் என்ற மக்லேயா செடியை நெடுங்காலம் ஆய்ந்திருக்கிறார்கள். அதன் சாங்குவினாரின் சேர்ந்த பொருள் இன்று தீவனத்தில் பரவலாகப் பயன்படுகிறது. அளவு மீறினால் நச்சாகும் காரப்பொருள் அது என்பதால் திசுக்களில் எவ்வளவு தங்குகிறது என்ற கேள்வியையும் சேர்த்தே ஆராய வேண்டியிருந்தது. உங்கள் மூலிகைக்கும் இதைச் செய்யுங்கள்: மருந்து நிறுத்திய நாளிலிருந்து பால், முட்டை, கல்லீரல், தசை ஆகியவற்றில் முக்கியப் பொருட்களை அளந்து, எத்தனை நாள் காத்திருந்து விற்க வேண்டும் என்று சொல்லுங்கள். விவசாயி முதலில் கேட்பதே அதைத்தான்.

பத்தாம் படி: எழுதுவதும் எடுத்துச் செல்வதும்

கால்நடைப் பண்ணை ஆய்வுகளை எப்படி அறிக்கையாக்க வேண்டும் என்பதற்கு ரிஃப்ளெக்ட் என்ற நெறிமுறையும், ஆய்வக விலங்குச் சோதனைகளுக்கு அரைவ் நெறிமுறையும் உள்ளன. ஆய்வு முடிந்தபின் அவற்றைத் தேடாமல், திட்டம் வரையும் நாளிலேயே அச்சிட்டு மேசையில் வையுங்கள். மூலிகையின் தொகுதி எண், சான்று மாதிரி எண், சாறு எடுத்த நீரின் அளவு, நேரம், கிடைத்த சாற்றின் விழுக்காடு எல்லாம் கட்டுரையில் வர வேண்டும். பலன் தெரியாத முடிவையும் அதே விவரங்களோடு வெளியிடுங்கள். இன்னொரு ஆய்வாளரின் விலங்குகள் அதே சோதனையில் வீணாகாமல் இருக்கும்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பி வேலை செய்ய நினைப்பவர்களுக்கு நல்ல களம் காத்திருக்கிறது. சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்து மடிநோய்க்குப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தினர் பரப்பினார்கள். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் அதைப் பரிந்துரைக்கிறது. மேலே சொன்ன நான்காம், எட்டாம் படிகளை அப்படியே அதற்குப் பொருத்தலாம்: மஞ்சளில் குர்குமின் எவ்வளவு, கிருமி எது, பூசாத மாடுகளில் எத்தனை தானே ஆறின.

செடியையோ விதையையோ சாற்றையோ பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட முடியாது. உயிரியல் வளங்களின் பயனைப் பகிரும் நகோயா ஒப்பந்தத்தில் இந்தியாவும் சீனாவும் உறுப்பு நாடுகள். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டமும் பொருந்தும். ஏற்றுமதி அனுமதி, தாவரநலச் சான்று, இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மாதிரி ஒப்பந்தம் ஆகிய மூன்றுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். ஆய்வின் முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.